மூன்று விரல்

எங்கள் தறிக்கொட்டகையில் யாரும் பேசுவதில்லை. பேசினாலும் கேட்காது. நாற்பது விசைத்தறிகள் ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் நிற்பவனின் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் பாதிதான் போய்ச் சேரும். அதனால் ஆந்திர எல்லையோர ஊரான நகரியில் தறி ஓட்டுகிற எங்களுக்குக் கைதான் வாய். இரண்டு விரலைக் கத்தரிபோலக் காட்டினால் இழை அறுந்துவிட்டது என்று அர்த்தம். மீசையைத் தடவினால் ஓனர் வருகிறார், அவருக்கு மீசை இல்லை என்பது வேறு விஷயம். ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோனால், சாப்பிட்டாயா? கையைத் தோள்வரை தூக்கி இறக்கினால், ஆச்சு. இடது உள்ளங்கையை வலது கட்டைவிரலால் தேய்த்தால், ஒரு சிட்டிகை கொடு.

நாங்கள் அதிகம் செய்தது இந்தக் கடைசி சைகையைத்தான்.

புகையிலை போடுகிறவனைப் பார்த்து, "பாக்கெட்டில் படம் போட்டிருக்கிறதே, கண் தெரியவில்லையா?" என்று கேட்கிறவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. படம் நன்றாகவே தெரியும். அந்தப் படத்தைக் கிழித்துத்தான் உள்ளே இருப்பதை எடுக்கிறோம். கேட்கிறவர்களை ஒரே ஒரு நாள் என் இடத்தில் நிறுத்த வேண்டும். காலை ஆறு மணிக்கு நின்றால் மாலை ஆறு மணி. ஆளுக்கு நாலு தறி. ஓர் இழை அறுந்ததைக் கவனிக்காமல் விட்டால் துணி நெடுக கோடு விழும், பேச்சு வாங்க வேண்டும். பசிக்கும், உடனே சாப்பிட முடியாது. கண்ணைச் சொக்கும், முகம் கழுவப் போக முடியாது. பீடி பிடிக்கலாம் என்றால் கொட்டகை முழுக்கப் பஞ்சு பறக்கிறது, ஒரு பொறி போதும். இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது உடம்பில் சும்மா இருக்கிற ஒரே இடம் கன்னம். அங்கே ஒரு சிட்டிகையை அடக்கிக்கொண்டால் பசி அடங்கும், தூக்கம் ஓடிவிடும், பல்வலிகூடக் கொஞ்ச நேரம் மறக்கும். ருசிக்காக அதைப் போட்ட ஒருவரையும் எங்கள் கொட்டகையில் நான் பார்த்ததில்லை.

என் மனைவியின் தம்பி, என் மச்சான், என் பக்கத்து நாலு தறிக்கு வேலைக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. என்னைவிட மூன்று வயது இளையவன். வந்த முதல் வாரம் நின்றபடியே தூங்கினான். ஒரு மத்தியானம் அவன் தலை ஓடுகிற தறிமேல் சாய்வதைப் பார்த்து, சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். இன்னும் ஒரு சாண் சாய்ந்திருந்தால் முகம் போயிருக்கும். அவனை வெளியே கூட்டிவந்தேன். அவன் கையைப் பிடித்து, பாக்கும் புகையிலையும் கலந்த தூளை உள்ளங்கையில் வைத்தேன்.

"போட்டுக்கோடா. தூக்கம் ஓடிப்பூடும்."

சாற்றை விழுங்கிவிட்டு வாந்தி எடுத்தான். நான் சிரித்தேன். நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தேன் என்று இன்றைக்கும் சொல்வேன், ஆனால் சிரித்தது உண்மை. மறுநாள் அவனாகவே என்னைப் பார்த்து உள்ளங்கையைத் தேய்த்துக் காட்டினான். பிறகு அந்தத் தூளை விற்கக் கூடாது என்று தடை வந்தது. கடைக்காரர் அதை முன்வரிசையிலிருந்து பிஸ்கட் டப்பாவுக்குப் பின்னால் நகர்த்தி வைத்தார், அவ்வளவுதான். எங்கள் இருவருக்கும் சேர்த்துத் தினமும் ஒருவர் மாற்றி ஒருவர் வாங்கி வந்தோம்.

போன வருஷம் என் மகளுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. இங்கேதான் நான் கோட்டைவிட்டேன். மச்சானுக்கு ஒரு மகன் இருக்கிறான். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத் தாய்மாமன் வீட்டில் பையன் இருந்தால் உரிமை அவர்களுக்குத்தான் முதலில். என் மகளோ சத்தியவேட்டுக்காரப் பையனை விரும்பினாள். பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவன், நல்ல பையன். நிச்சயத்துக்கு ஒரு வருஷம் முன்பே மச்சானிடம் சொன்னேன். "பொண்ணுக்குப் புடிச்சிருக்குதா? அவ்ளோதான் மாமா வோணும்" என்றான். ஆனாலும் என் மனதில் ஓரமாக ஒரு குறுகுறுப்பு இருந்துகொண்டே இருந்தது.

நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் பக்கத்தில் தாய்மாமனை உட்கார வைத்து இலை போட்டோம். கறிக்குழம்பு வாசனை தெரு முனைவரை அடித்தது. மச்சான் எதையும் தொடவில்லை. மோர் மட்டும் ஒரு டம்ளர் கேட்டு வாங்கி, தலையைப் பின்னால் சாய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டான். சம்பந்தி அவன் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னா சம்பந்தி, தாய்மாமனுக்கு இதுல இஷ்டமில்லையா?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. மச்சான் பக்கம் குனிந்தேன்.

"ஒரு வாயாவது துன்னுடா. எல்லாம் பாத்துக்கினு கீறாங்க."

அவன் வாயைத் திறக்கவில்லை. கையைத் தோள்வரை தூக்கி இறக்கினான். ஆச்சு. தறி ஓடாத வீட்டில், அத்தனை உறவுக்கும் நடுவில், என்னிடம் கொட்டகை சைகை. பிறகு இலையை மடித்துவிட்டு எழுந்து போனான். என் வீட்டில் சாப்பிடாமல் எழுந்தவன் என் முகத்தில் அறைந்தவன்தான் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

மூன்று மாதம் அவனோடு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கிறோம், எட்டினால் தொடலாம். சாப்பிட்டாயா என்று நான் கேட்கவில்லை. அவன் கேட்டால் வேறு பக்கம் திரும்பி இழை முடிந்தேன். பொட்டலம் தனித்தனியாக வாங்கினோம். அவன் சட்டை தொளதொளவென்று ஆனதைப் பார்த்தேன். கழுத்து எலும்பு துருத்தியதைப் பார்த்தேன். வீம்பில் இளைக்கிறான், இளைக்கட்டும் என்று நினைத்தேன். இப்படி நினைத்ததை எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதித்தான் ஆக வேண்டும்.

கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது என் மனைவி, அழைப்பிதழ் வைக்கிற சாக்கில், என்னிடம் சொல்லாமல் தம்பி வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அவன் வீம்புல துன்னாம இல்ல. அவனால வாய் தொறக்க முடியல. இட்லிய மிக்சியில அடிச்சி, தண்ணியாக்கி ஊத்திக்கினு கீறான். காரம் பட்டா நெருப்பு வெச்ச மாதிரி எரியுதாம். கன்னத்துக்குள்ள புண்ணு வேற. ஒரு வருசமா இப்டி."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உனுக்கு இன்னா தெரியும்? பொண்ணோட மாமனுக்கு அந்த வியாதின்னு தெரிஞ்சா அவங்க சம்பந்தம் வாணாம்னு சொல்லிட்டா இன்னா பண்றது? கல்யாணம் முடியட்டும், அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு பொண்டாட்டிகிட்ட சத்தியம் வாங்கி வெச்சிக்கினு கீறான்."

என் மகளின் கல்யாணம் நிற்கக் கூடாது என்று அவன் புண்ணோடு வாயை மூடிக்கொண்டிருக்கிறான். நான் அவன் பக்கத்தில் நின்று மூன்று மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும் என்று தோன்றியது.

சம்பந்திக்கு நானே போன் செய்து உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர், "கல்யாணம் எங்க ஓடிப்பூடும்? மொதல்ல அவர ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்க. தேதி நான் தள்ளி வெச்சிக்கிறேன்" என்றார். அந்த மனிதர் நேரில் இல்லாதது நல்லதாகப் போயிற்று. இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் திருப்பதிக்குப் போனோம். ஜன்னல் ஓரத்தில் அவன், பக்கத்தில் நான். புத்தூர் தாண்டியதும், "கோவமா மாமா?" என்றான். பல்லுக்கிடையில் நசுங்கி வந்தது குரல். இருபது வருஷம் பக்கத்தில் நின்றும், அவன் குரல் இப்படி ஆகிவிட்டது எனக்கு அன்றுதான் தெரிந்தது. கொட்டகைக்குள் யாருக்கும் குரல் தேவைப்படவில்லை, அதனால் அது போனது யாருக்கும் உறைக்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் பல் பிரிவு டாக்டர் ஓர் இளம்பெண். "நோரு தெரவண்டி" என்று தெலுங்கில் சொன்னார். மச்சான் முடிந்தவரை திறந்தான். டாக்டர் அவனுடைய மூன்று விரல்களையே பிடித்து, ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தி, பல்வரிசைக்கு நடுவே விடச் சொன்னார். நல்ல வாய்க்குள் மூன்று விரல் போகுமாம். அவனுக்கு ஒரு விரல்தான் போயிற்று. பாக்கும் புகையிலையும் கன்னத்துத் தசையை நார்போல இறுக்கிவிட்டன என்றார். புண்ணைச் சோதனைக்கு எடுக்க வேண்டும் என்றார். எத்தனை வருஷமாக என்று கேட்டு எழுதிக்கொண்டு, இந்தப் பழக்கத்தை யார் கற்றுக்கொடுத்தது என்றும் கேட்டார். மச்சான் என் பக்கம் திரும்பவே இல்லை.

"தறிதான் கத்துக்குடுத்துச்சி மேடம்" என்றான்.

டாக்டர் என்னைப் பார்த்தார். என் பல்லின் கறையைப் பார்த்தார். "மீரு கூடா" என்றார், நீங்களும் என்று. நானும் விரல்களை வைத்தேன். இரண்டு போயிற்று. மூன்றாவது பல்லில் இடித்து நின்றது.

அந்தப் புண் புற்றுநோய்தான். ஆனால் ஆரம்பம் என்றார்கள். கன்னத்தின் உட்பகுதியை வெட்டி எடுத்து, கழுத்துப் பக்கமிருந்து சதை வைத்துத் தைத்தார்கள். எனக்குப் புண் இல்லை, இறுக்கம் மட்டும்தான், இன்றே விட்டுவிட்டால் நல்லது என்றார்கள். அன்றைக்கே இடுப்பிலிருந்த பொட்டலத்தை ஆஸ்பத்திரிக் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

கல்யாணம் ஐந்து மாதம் தள்ளி நடந்தது. மச்சான் கழுத்துத் தழும்பை மறைக்காமல் தாய்மாமன் இடத்தில் உட்கார்ந்தான். குழைய வேகவைத்த பொங்கலை என் மனைவி அவனுக்கென்று தனியாகக் கொண்டுவந்து வைத்தாள். மாப்பிள்ளையின் அப்பா தன் இலையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். மச்சான் முதல் வாய் சாப்பிட்ட பிறகுதான் அவர் கை வைத்தார்.

இப்போது மச்சான் மறுபடி தறிக்கு வருகிறான், இரண்டே இரண்டு தறி. வாய் திறக்க வேண்டும் என்று ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கிடையில் வைத்துப் பயிற்சி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். டீ நேரத்தில் நானும் அவனும் எதிரெதிரே உட்கார்ந்து குச்சிகளை வாயில் செருகிக்கொள்வோம். கொட்டகையே எங்களைப் பார்த்துச் சிரிக்கும். சிரிக்கிறவர்களில் பாதிப் பேர் கன்னத்தில் அடக்கியபடிதான் சிரிக்கிறார்கள். நான் அவர்களுக்கு எதுவும் சொல்வதில்லை. அந்த இடத்தில் நின்றவன் நான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஏழெட்டு மாதம் நான் தொடவில்லை. போன மாதம் ஒருநாள் மூன்று தறியில் ஒரே நேரத்தில் இழை அறுந்தது. கண் எரிந்தது, தலை விண்ணென்று தெறித்தது. பின்வரிசைக்காரனைப் பார்த்து என் கட்டைவிரல் தானாகவே உள்ளங்கையைத் தேய்த்தது. அவன் கொடுத்தான். அப்புறம் மறுநாளும் கொடுத்தான். மூன்றாம் நாள் நானே வாங்கினேன்.

மச்சானுக்கு எப்படித் தெரிந்ததோ. தறிக்கு அப்பால் நின்று என்னையே பார்த்தான். உள்ளங்கையைத் தேய்த்துக் காட்டி, பிறகு கையை விசிறினான். விட்டாச்சா என்று கேட்கிறான். நான் கையைத் தோள்வரை தூக்கி இறக்கினேன். ஆச்சு.

அவன் நேராக வந்து என் தறியை நிறுத்தினான். ஒருவன் தறியை இன்னொருவன் தொட மாட்டான், அது எங்கள் கொட்டகையில் சண்டைக்குச் சமம். சுற்றிலும் மற்ற தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. மச்சான் மூன்று விரல்களை என் வாய்க்கு நேராக நிறுத்தினான். பொய்யாக ஆச்சு சொல்லி ஒரு வருஷம் ஓட்டியவன் அவன், அவனை நான் ஏமாற்ற முடியுமா? வாயைத் திறந்தேன். கன்னத்தில் இருந்ததை அவன் பார்த்தான். கோபம் வரவில்லை அவனுக்கு. கண் மட்டும் கலங்கியது. மூன்று விரலையும் இறக்கி, கையை விரித்து, குழந்தைக்குப் பிடிப்பதுபோல என் தாடைக்குக் கீழே பிடித்தான்.

நான் முதல்முதலாக வைத்துக் கொடுத்த அதே உள்ளங்கை. அதிலேயே துப்பினேன். அவன் போய்க் குழாயில் கையைக் கழுவிவிட்டு வந்து, என் தறியை ஓடவிட்டான்.