கார்புரேட்டருக்கு ஒரு குளியல்

என் அக்கா கணவருக்கு வாடகைக் கார்தான் சோறு போடுகிறது. அந்தக் கிழட்டுக் கார் தெருமுனையிலேயே மூச்சடங்கி நின்றதால், கார்புரேட்டரைக் கழற்றி மூன்றாம் மாடி வீட்டுக்குக் கொண்டுவந்தார். கையளவு அலுமினியச் சாமான். அதன் மேல் பல வருடத்து எண்ணெய்ப் பிசுக்கு.

எதில் கழுவுவது? அதுதான் பஞ்சாயத்து.

"பெட்ரோல்ல கழுவிடறேன்" என்றார்.

"அடுப்புக்குப் பக்கத்துலயா? குடும்பத்தோட கொளுத்துங்க" என்றாள் அக்கா.

மண்ணெண்ணெய் வாடைக்கு அவர்களுடைய சின்ன மகளுக்கு இழுப்பு வரும். பெயிண்ட் கரைக்கும் தின்னர் ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் உப்பிவிடும். அந்த மனுஷன் கார்புரேட்டரை ஒரு தட்டில் வைத்து ஏந்திக்கொண்டு பால்கனிக்கும் கூடத்துக்கும் நடந்தார். கடைசியில் தட்டை வைத்துவிட்டு, கார் சாமான் கடையில் கேட்டு வரலாமென்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கடைக்காரர் ஒரு டப்பாவைக் கொடுத்து, "இதுல வாடை கம்மி, சட்டுனு தீயும் பிடிக்காது" என்றார். மாமா முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது.

வீட்டுக்குள் நுழைந்தால், சமையலறை வாளியில் ஏதோ நுரைத்துக்கொண்டிருந்தது.

"அடுப்பு பர்னரை இப்படித்தானே ஊறப்போடுவேன்? காஸ்டிக் சோடாவும் வெந்நீரும். அழுக்கு எப்படிப் பொங்கி வருது பாருங்க!" என்றாள் அக்கா.

அவள் பர்னர் இரும்பு. காஸ்டிக் சோடா அதை ஒன்றும் செய்யாது. அலுமினியத்துக்கோ அது எமன். மாமா இடுக்கியால் எடுத்தபோது கார்புரேட்டர் கறுத்து, குழி குழியாக அரித்துப்போயிருந்தது. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. அவரோ, "கையில படலையே?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லையே" என்று அக்கா சிரித்தாள். "இதுக்கே வாயடைச்சுப் போயிட்டீங்களே! கார்ல மிச்சம் இருக்கறதையும் கழட்டிக் கொண்டாங்க, கையோட கழுவித் தர்றேன்."