கீழ்வீட்டுக்கு ஆள் பார்த்த கதை

போன மாதம், என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த ஒருத்தி வந்தாள். சேர்த்து வைத்த பணத்தில் வீடு வாங்கி வாடகைக்கு விடப் போகிறாளாம். "ஆளு எப்படிக்கா பாக்கணும்?" என்று கேட்டாள். "நல்ல ஆளாப் பாக்காத. எழுதித் தாரவங்களாப் பாரு" என்றேன். சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாளையங்கோட்டையில் எங்களுக்குச் சொந்த வீடு. நான் பணி ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் மாடியிலும் ஒரு வீடு கட்டினோம். மாடியைவிடக் கீழ்வீட்டுக்கு வாடகை கூடக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டது நான்தான். குழாயில் தண்ணீர் நன்றாக விழும், வண்டி நிறுத்த இடம் உண்டு. அதனால் நாங்கள் மேலே போனோம். படிக்கட்டு ஒரு ஆள் ஏறினால் இன்னொரு ஆள் ஒதுங்கி நிற்கிற அகலம். இடத்தை மிச்சம் பிடித்தோமாம்! "வயசான காலத்துல ஏறி எறங்க முடியுமா?" என்று கேட்ட என் வீட்டுக்காரரை, "ஏறி எறங்குனா ஒடம்புக்கு நல்லது" என்று வாயடைக்க வைத்தேன்.

வாசலில் 'சைவம் மட்டும்' என்று அட்டை மாட்டினேன். அது சாப்பாட்டைப் பற்றியது மட்டுமல்ல என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். முதலில் வந்தது ஒரு முஸ்லிம் தம்பதி. இருவரும் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்கள். "வீட்டுல கறி சமைக்க மாட்டோம் டீச்சர். பதினோரு மாசத்துக்கு முத்திரைத்தாள்ல எழுதிக்கிடலாம். நீங்க கேக்கும்போது காலி பண்ணித் தாரோம்" என்றாள் அந்தப் பெண். "வீடு பேசி முடிச்சாச்சே" என்றேன். அட்டை அவள் தலைக்கு மேலேதான் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சரி என்று போய்விட்டாள். அன்றைக்கு எனக்கு வெட்கமாகக்கூட இல்லை.

அடுத்து வந்தவர் என் வீட்டுக்காரருக்குத் தூரத்துச் சித்தப்பா மகன். அண்ணே, மதினி என்று வாய் நிறையக் கூப்பிட்டார். என் வீட்டுக்காரர் முப்பது வருடம் நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். வீட்டு வழக்குக் கட்டுகளைத் தூக்கித் தூக்கியே இடுப்பொடிந்தவர். "எதுக்கும் எழுதிக்கிடுவோம்" என்றார். நான் சீறினேன். "நம்ம ஆளுட்ட போயி பத்திரம் கேப்பியளா? நாளைக்கு ஒரு கல்யாண வீட்டுல எப்படி மொகத்துல முழிக்க?" ஒரு துண்டுத்தாள்கூட எழுதவில்லை.

அவர் குடிவந்த நாலாம் வருடம் என் வீட்டுக்காரரைப் பக்கவாதம் தாக்கியது. மருத்துவமனையிலிருந்து வந்த அன்று நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராக மாடிக்குத் தூக்கினார்கள். அப்புறம் அவர் இறங்கவே இல்லை. குழறிய வாயில் தெளிவாக வந்தது ஒரே பேச்சுதான்: "கீழ போவோம்." வாசலில் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களோடு ரெண்டு வார்த்தை பேசவேண்டும் அவருக்கு. அவ்வளவுதான் ஆசை.

கீழே போய்க் கேட்டேன். "நான் என்ன மாட்டேன்னா சொல்லுதேன் மதினி? பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும்." பரீட்சை முடிந்தது. "ஆடியில யாராவது வீடு மாறுவாங்களா?" ஆடியும் போனது. "மார்கழி பொறந்துட்டு, இப்பம் எங்கன போக?" வாடகை மட்டும் ஒன்றாம் தேதி தவறாது. வக்கீல் "எழுதுனது எதுவும் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றதும் பேனாவை மூடினார். "வழக்குப் போடலாம்மா. சாருக்கு அதுவரைக்கும்..." என்று நிறுத்திக்கொண்டார். சொந்தக்காரர்களிடம் போய் நின்றேன். "படுத்துக் கெடக்க மனுசனுக்கு மாடி என்ன, கீழ என்ன? நம்ம பையனத் தெருவுலயா நிறுத்துவ?" என்று என்னைத்தான் ஏசினார்கள்.

அந்த மார்கழியிலேயே அவர் போய்விட்டார்.

மாடியில் சனம் கொள்ளாது என்று உடலைக் கீழே இறக்கினார்கள். படி வளைவில் திருப்ப முடியாமல் அவரைச் சாய்த்துப் பிடித்தபோது, மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தெரு நிறைய ஆட்கள். கீழ்வீட்டுக்காரர் கதவை விரியத் திறந்தார். சோபாவையெல்லாம் தானே ஒதுக்கினார். "அண்ணன இங்கன வைங்க. இது அண்ணன் வீடுல்லா?" என்று சத்தம்போட்டு அழுதார். வந்தவர்கள் அவருடைய நல்ல மனதைச் சொல்லி மாய்ந்துபோனார்கள். என்னிடமே வந்து சொன்னார்கள். அவர் முகத்தில் காறித் துப்பவேண்டும் போலிருந்தது. என் முகத்திலும்தான்.

மாதக்கணக்காகக் கேட்டும் கிடைக்காத கீழ்வீட்டில் என் வீட்டுக்காரர் இருந்தது நாலு மணி நேரம். அவரைத் தூக்கிக்கொண்டு போனதும், தரையைக் கழுவிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் படியேறி மாடிக்குப் போனேன்.