பட்டை மூடாத வால்வு

கப்பலில் வருகிற பாக்கியத்துக்காகக் கட்டிலை ஒழித்து விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். கட்சால் தீவிலிருந்து அவள் மகன் செல்வம் போன் செய்தான். "பெரியம்மா, ஆத்தா போயிருச்சு. கப்பல் ஜெட்டிக்குத் தூக்கிட்டுப் போறப்பவே மூச்சு நின்னுருச்சு." இங்கே டாலிகஞ்சில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். காது கேட்காமல் அல்ல.

பாக்கியத்தை உங்களில் பலர் கட்சால் ரப்பர் தோட்டத்தில் பார்த்திருப்பீர்கள். அவளும் நானும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் பால் வெட்டியவர்கள். அவள் கத்தி மரத்தின் சதையைத் தொட்டதே இல்லை. "வலிக்காம வெட்டு புள்ள, அதுவே மூடிக்கும்" என்பாள். சில வருஷம் கழித்து அதே இடத்தில் புதுப்பட்டை வளர்ந்திருப்பதைத் தடவிக் காட்டுவாள்.

பிறகு அவளுக்கு இருதய வால்வு கெட்டது. மெயின்லேண்டில் நெஞ்சைத் திறந்து செயற்கை வால்வு வைத்தார்கள். அதில் இரத்தம் உறையாமலிருக்க ஆயுளுக்கும் மாத்திரை. கூடினால் இரத்தம் கசியும், குறைந்தால் உறையும். ஆகவே இரத்தம் சோதிக்க இங்கே கப்பலேறி வருவாள், என் வீட்டில் தங்குவாள்.

அந்த வால்வு 'டிக் டிக்' என்று வெளியே கேட்கும். ஒரு முறை கப்பலில் பக்கத்துப் படுக்கைப் பெங்காலி அம்மா, "தீதி, யே கிஸ்கா கடி ஹை?" என்று கடிகாரத்தைத் தேடினாளாம். "மேரா ஹை. சாபி டாக்டர் கே பாஸ்" என்றாளாம் இவள். சாவி டாக்டரிடமாம்! சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

ஆனால் அந்த மாத்திரை அவளை வாட்டியது. பல் துலக்கினால் இரத்தம், எங்கே இடித்தாலும் நீலம். "இத்தனை வருஷம் ஆச்சு, மரத்துல பட்டை மூடுற மாதிரி உள்ள தோல் மூடியிருக்கும். இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று கேட்க ஆரம்பித்தாள்.

அப்படி அவள் வந்திருந்த ஒரு முறை, என் பேத்தி நிர்மலாவும் லீவுக்கு வந்திருந்தாள். இரத்தம் படுகிற பொருட்களின் மேற்பரப்பைப் பற்றித்தான் அவள் ஆராய்ச்சி. நான் ஐந்தாவதோடு நின்றவள். அவளைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் உயரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"ஆத்தா, மரத்துக்கு அது சொந்தப் பட்டை. வால்வு அப்படி இல்ல. எவ்வளவு வழவழன்னு இருந்தாலும், ரத்தம் பட்டவுடனே ரத்தத்துல இருக்கிற புரதம் வந்து ஒட்டும். எது ஒட்டுது, எப்படி ஒட்டுதுங்கிறது அந்த மேற்பரப்பைப் பொறுத்தது. அதை வச்சுத்தான் ரத்தம் உறையுறதும் ஓடுறதும். அசையிற இதழ் மேல தோல் வளராது. மாத்திரையை விட்றாதீங்க" என்றாள் நிர்மலா.

"வெட்டின இடத்தை மரமே மூடிக்குது. நான் என்ன மரத்தைவிடக் கேவலமாடி?" என்றாள் பாக்கியம். பேத்தி சிரிக்கவில்லை.

போன வாரம் பாக்கியம் போன் செய்தாள். "ஏய், சத்தம் கொறஞ்சுபோச்சு! யாராவது நெஞ்சுல காதை வச்சாத்தான் லேசாக் கேக்குது. மூடிக்கிச்சுன்னு நான் சொல்லல? மாத்திரைய விட்டு ஒரு மாசமாச்சு."

உடனே பேத்திக்குப் போன் செய்து சொன்னேன். "அம்மாயி, அது தோல் இல்ல. ரத்தம் உறைஞ்சு இதழை அசையவிடாமப் புடிக்குது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க." நான் சொன்னதும் செல்வம் அவளைத் தீவு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். அங்கிருந்த டாக்டரும் உடனே இங்கே கொண்டுபோகச் சொன்னார். கடல் கொந்தளிப்பு கப்பலை விடவில்லை. காத்திருந்த கப்பல் கட்சால் கரை வந்து சேர்ந்தபோது அவள் இல்லை.

இரத்தம் வேற்றாள் என்று கண்டுகொள்ளாத மேற்பரப்பை நிர்மலாவும் அவளைப் போன்றவர்களும் தேடுகிறார்கள். இன்னும் முழுசாகக் கிடைக்கவில்லையாம். அதுவரை, உங்களில் யார் நெஞ்சிலாவது அப்படி ஒன்று ஓடினால், சத்தம் குறைகிறதே என்று சந்தோஷப்படாதீர்கள்.

பாக்கியத்திடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் போனில் வந்த குரல்தான். வீட்டில் பிள்ளை பிறந்த சேதி சொல்கிறவளைப் போல, மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள்.