மாப்பிள்ளைக்கு லேப்டாப் இருக்கா?

தம்பெரே நகரத்து டிராமில் யார் கையில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. போன மாதம் நண்பர் ஒருவர் கொடுத்த ஐந்து லிட்டர் குக்கரைப் பையில்லாமல் அப்படியே மடியில் வைத்துக்கொண்டு பதினோரு நிறுத்தம் வந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி குக்கரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கடைசிவரை ஜன்னலுக்கு வெளியே பனியையே பார்த்துக்கொண்டு வந்தார். பின்லாந்தில் இதற்குப் பெயர் மரியாதை. இதே குக்கரோடு நான் மதுரை காளவாசலில் பஸ் ஏறியிருந்தால், கோச்சடை வருவதற்குள் எங்கே வாங்கியது, எத்தனை பேருக்கு வடிக்கலாம், யாருக்குச் சீர் என்பதெல்லாம் பஸ்ஸுக்கே தெரிந்திருக்கும். யாராவது ஒருவர் மூடியைத் திறந்து உள்ளேயும் பார்த்திருப்பார். கையில் இருப்பதை வைத்து ஆளை எடைபோடும் ஊர் எங்கள் ஊர். ஆறு வருடம் வெளியே இருந்ததில் அதை நான் மறந்துவிட்டேன். அதனால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. எல்லாம் ஒரு டேப்லெட்டால் வந்த வினை.

காகித ஆலை இயந்திரங்களைத் தூரத்திலிருந்து கண்காணிக்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். எங்கோ காட்டுக்குள் ஓடும் இயந்திரத்தில் ஓர் உருளை சூடானால் எனக்குத் தகவல் வரும், நான் அறிக்கை எழுதுவேன். கம்பெனி லேப்டாப்பை ஐரோப்பாவுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது விதி. சொந்தமாக ஒன்று வைத்திருந்தேன், சார்ஜரோடு சேர்த்து மூன்று கிலோ. தை மாதம் நான்கு வார விடுப்பில் ஊருக்குக் கிளம்பும்போது, விமானத்தில் கைப்பைக்கு ஏழு கிலோதான் என்பதால் அதைத் தராசில் வைத்துப் பார்த்தேன். மூன்று கிலோ என்றால், திரும்பி வரும்போது அம்மா கட்டிக்கொடுக்கும் இட்லிப்பொடி, பருப்புப்பொடி, வத்தல் அத்தனையும் சேர்ந்த எடை. அங்கேயே முடிவு செய்துவிட்டேன். ஒரு டேப்லெட்டும், அதில் ஒட்டிக்கொள்ளும் கீபோர்டும் வாங்கினேன். நான்கு வாரம் இதை மட்டும் வைத்துக் காலம் தள்ளிவிட்டால் லேப்டாப்பைத் தலைமுழுகிவிடலாம் என்பது திட்டம்.

முதல் வாரம் டேப்லெட் நல்ல பிள்ளையாகத்தான் நடந்துகொண்டது. மெயில் பார்க்க, டிக்கெட் எடுக்க, வந்த ஜாதகங்களைப் பெரிதாக்கிப் பார்க்க எல்லாவற்றுக்கும் ஈடுகொடுத்தது. கரண்ட் போனாலும் நாள் முழுக்க ஓடியது. குறைகள் இல்லாமல் இல்லை. கீபோர்டை மடியில் வைத்தால் நமத்துப்போன அப்பளம் மாதிரி தொய்ந்தது. இரண்டு கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்தால் இரண்டும் பஸ் டிக்கெட் அளவுக்குச் சுருங்கின. இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாத குறை ஒன்று இருந்தது. டேப்லெட்டில் நான் செய்வது வேலை என்று ஒருவரும் நம்பவில்லை. முந்தைய முறை லேப்டாப்போடு வந்திருந்தபோது, நான் அதைத் திறந்த மாத்திரத்தில் அம்மா டிவி சத்தத்தைக் குறைப்பார். கேட்காமலே காபி வரும். வாசலில் யாராவது சத்தமாகப் பேசினால், "மெதுவா பேசுங்க, பிள்ள வேலையில இருக்கான்" என்று அதட்டுவார். இந்த முறை டேப்லெட்டைத் திறந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

"சும்மாதான படம் பாத்துக்கிட்டு இருக்க. போயி கருவேப்பில வாங்கிட்டு வா."

"மெயில் எழுதுறேம்மா."

"அத நடந்துக்கிட்டே எழுது."

இது அம்மாவோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அப்பா இல்லாத எங்கள் வீட்டில் வெளியே பேச வேண்டியதைப் பேசுகிறவர் அக்காவின் கணவர், ராஜபாண்டி மச்சான். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பேரையூரில் அவர் பார்த்து வைத்திருந்த பெண்ணைப் பார்க்கப் போனோம். பெயர் மகேஸ்வரி. பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற குடும்பம், பெண் கால்நடை டாக்டர். நாங்கள் போனபோது வீட்டில் இல்லை. பக்கத்து ஊரில் ஒரு பசுவுக்குக் கன்று குறுக்கே நின்றுவிட்டதாம். முக்கால் மணி நேரம் கழித்து, குளித்த ஈரத் தலையோடு வந்து, "மன்னிச்சுக்கங்க, காளக்கன்னு. நல்லாருக்கு" என்றாள். எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை, ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தில்தான் நான் என் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்தேன். கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வர, டேப்லெட்டை மடியில் வைத்துப் பதில் எழுதினேன். பெண்ணின் தாய்மாமன் தவமணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள கேம் ஆடுறீகளோ?"

"இல்ல மாமா, கம்பெனி மெயிலு."

"லேப்டாப்பு கொண்டாரலையா?"

"அத வெளிய கொண்டுபோக விடமாட்டாக மாமா."

உண்மையைச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து மச்சான் வண்டியை நிறுத்தின வேகத்திலேயே தெரிந்தது, ஏதோ சரியில்லை என்று.

"மாப்ள, மறைக்காமச் சொல்லு. வேல போயிருச்சா?"

தவமணி மாமாவின் தெருவில் ஒரு பையன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்திருக்கிறான். போன தீபாவளிக்கு முதுகில் லேப்டாப் பை இல்லாமல் வந்து இறங்கினானாம். கேட்டதற்கு, "கம்பெனி வச்சுக்கிருச்சு" என்றானாம். வேலையை விட்டு நிறுத்தும்போது முதலில் வாங்கி வைத்துக்கொள்வது லேப்டாப்பைத்தான் என்பது ஒரு மாதம் கழித்துத் தெருவுக்கே புரிந்திருக்கிறது. இப்போது நானும் பையில்லாமல் வந்து, கேட்டதற்குக் கிட்டத்தட்ட அதே பதிலைச் சொல்லியிருக்கிறேன். கையில் வேறு குழந்தைகள் பாட்டுக் கேட்கிற சாமான். பேரையூரில் முடிவே கட்டிவிட்டார்கள். அம்மா முற்றத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். வேலைக்கான ஒப்பந்தத் தாளைக் காட்டலாமே என்றேன்.

"பேப்பர எவன் நம்புவான்? அம்புட்டு பேப்பரையும் என் கடையிலதான அடிச்சுக்கிட்டுப் போறாக. எதுக்கும் ஒரு தடவ நேர்ல பாத்துருவோம்னு புதன்கெழம அவுக வீடு பாக்க வாராக. அதுக்குள்ள நமக்கு ஒரு லேப்டாப்பு வேணும்."

மறுநாள் கடையிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தார். நன்றாக அகலமான, கருப்பான, கனமான லேப்டாப். நான்கு வருடத்துக்கு முன்னால் அதன்மேல் டீ கொட்டிவிட்டதாம்.

"ஆன் ஆகுமா மச்சான்?"

"அத ஆன் பண்ணச் சொல்லி யாரு கேட்டா? தொறந்து வச்சாப் போதும்."

அம்மா அதை ஈரத்துணியால் துடைத்து ஹாலில் மேசைமேல் வைத்தார். மச்சான் சார்ஜரைச் செருகி, பக்கத்தில் ஒரு மவுஸும் நோட்டும் பேனாவும் வைத்து, தள்ளி நின்று பார்த்துவிட்டு நாற்காலியைக் கொஞ்சம் திருப்பினார். எனக்கு வெட்கமாக இருந்தது. நல்ல வேலையில் இருக்கிறவன், வேலை இருப்பதாகப் பொய் சாட்சி தயாரித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த ஈரத் தலையும் காளைக்கன்றும் நினைவுக்கு வர, வாயை மூடிக்கொண்டேன்.

புதன்கிழமை ஒரு வேன் நிறைய வந்தார்கள். மகேஸ்வரியும் இறங்கினாள். மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண் வருவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. "நான் வாழப்போற வீட்ட நான் பாக்காம வேற யாரு பாக்குறது?" என்று கேட்டுவிட்டு, முதல் ஆளாக வேனில் ஏறி உட்கார்ந்தாளாம். அடுப்படி பார்த்தார்கள், போர் தண்ணீரைக் குடித்துப் பார்த்தார்கள், மாடியிலிருந்து சமணர் மலை தெரிவதைப் பார்த்தார்கள். கடைசியில் எல்லாரும் மேசையைச் சுற்றி நின்றார்கள்.

"வெளிய விடமாட்டாகன்னீகளே?" என்றார் தவமணி மாமா.

"அது மெயினு. இது ஸ்பேரு" என்றார் மச்சான், கண்ணிமைக்காமல்.

"அப்பச் சரி. போட்டுக் காட்டுங்க மாப்ள, கம்பெனி பேரு வருமுல்ல."

என் கை மவுஸின் மேல் இருந்தது. அதை இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தேன். மகேஸ்வரி முன்னால் வந்து, மாட்டுக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல லேப்டாப்பின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். எரியாத சார்ஜர் விளக்கைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்த நேரத்தில் டேப்லெட் அடித்தது. மணி பன்னிரண்டரை, பின்லாந்தில் காலை ஒன்பது. வீடியோ அழைப்பில் என் மேனேஜர் யுக்கா. மச்சானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "கம்பெனி! கம்பெனி கூப்புடுது!" என்று டேப்லெட்டை எடுத்துவந்து, அந்தச் செத்த லேப்டாப்பின் திரைமேல் சாய்த்து வைத்தார். நான்கு வருடத்தில் அது செய்த முதல் வேலை அதுதான்.

யுக்கா திரையில் தெரிந்தார். என் தோளுக்குப் பின்னால் நின்ற பதினாறு பேரைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது ஆலையின் உருளை அறிக்கை எங்கே என்று மட்டும் கேட்டார். சொன்னேன். தேடினார், கிடைத்தது. அப்புறம் சுமார் அரை நிமிடம் பேசாமல் இருந்தார். "ஹ்யுவா" என்றார். நல்லது என்று அர்த்தம். வைத்துவிட்டார்.

"என்ன மாப்ள, சாப்ட்டியான்னுகூடக் கேக்கல? மூஞ்சி வேற அப்புடி இருக்கு. ஒங்க மேல கோவமா?" என்றார் தவமணி மாமா. எனக்கு அவர் மேல் வருத்தமே வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நானும் அப்படித்தான் நினைத்தேன். வருட முடிவில் யுக்கா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "புகார் ஒன்றும் இல்லை" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கே வீட்டுக்குப் போய் வேறு வேலைக்கு விண்ணப்பம் போட ஆரம்பித்துவிட்டேன். அந்த ஊரில் அதற்குமேல் பாராட்டு கிடையாது என்று ஒரு வாரம் கழித்துத்தான் சக ஊழியர் ஒருவர் விளக்கினார். இதை நான் இப்போது சொல்ல, "பேசாம இருந்தா ரொம்ப சந்தோசமா இருக்காருன்னு அர்த்தமாம்" என்று மச்சான் எடுத்துச் சொன்னார். அவர் வாயில் அது அப்பட்டமான பொய்யாகக் கேட்டது.

மகேஸ்வரிதான் பேசினாள்.

"மாமா, போன வாரம் டிராக்டர் டிரைவர நிப்பாட்டுனீகள்ல?"

"ஆமா."

"அப்பறம் அவருக்கு போன் போட்டு, சாவி எங்கன்னு கேட்டீகளா?"

"கேட்டேன். பய எடுக்கவே இல்ல."

"இவரு எடுத்தாருல்ல. வேல போனவரா இருந்தா லீவுல வந்து எதுக்கு எடுக்குறாரு?"

தவமணி மாமா யோசித்தார். ஒப்பந்தத் தாளோ யுக்காவோ தர முடியாத சாட்சியை அந்த டிராக்டர் டிரைவர் தந்துவிட்டார். "அப்ப அடுத்து ஆக வேண்டியதப் பேசுவோம்" என்றபடி உட்கார்ந்தார். அம்மா கேசரி எடுத்துவர ஓடினார்.

வேன் கிளம்பும்போது மகேஸ்வரி வாசலில் ஒரு நிமிடம் நின்றாள்.

"அது செத்து எம்புட்டு நாளாச்சு?"

"நாலு வருசம். ஒங்களுக்குத் தெரிஞ்சிருச்சா?"

"தொட்டதுமே. சில்லுன்னு கெடந்துச்சு."

"வீட்ல சொல்லிருவீங்களா?"

"செத்ததுக்கு என்ன வைத்தியம் பாக்க? உசுரோட இருக்குறதப் பாப்போம்" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினாள்.

ஆனியில் கல்யாணம். நான் தம்பெரே திரும்பி இரண்டு மாதமாகிறது. மகேஸ்வரியை இங்கே அழைத்துவர, விசாவுக்கு அனுப்ப வேண்டிய தாள்கள் இருபதுக்கு மேல். அவற்றைப் படமெடுத்து, வரிசைப்படுத்தி, ஒன்றாகச் சேர்க்க டேப்லெட்டோடு ஒரு சனிக்கிழமை முழுக்க மல்லுக்கட்டினேன். பஸ் டிக்கெட் அளவு ஜன்னல்களில் என் பிறப்புச் சான்றிதழும் அவளுடையதும் இடம் மாறிக்கொண்டே இருந்தன. கடைசியில் அலமாரியிலிருந்து அந்த மூன்று கிலோவை இறக்கினேன், ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. ஆகவே, டேப்லெட் வாங்கலாமா என்று எழுதிக் கேட்ட நண்பர்களுக்கு என் பதில்: பார்க்கவும் பேசவும் டேப்லெட் போதும். பெண்டாட்டியைக் கூட்டிவர லேப்டாப் வேண்டும். பெண்டாட்டி கிடைப்பதற்கு, செத்த லேப்டாப்பாக இருந்தாலும் போதும்.

அந்த லேப்டாப்பை அம்மா மச்சானிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. அவரும் இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். கோச்சடை வீட்டில் அதே மேசையில், பூப்போட்ட துணி போர்த்தி, சார்ஜர் செருகியபடி இருக்கிறது. என்னோடு வீடியோவில் பேசும்போது அம்மா தன் போனை அதன்மேல்தான் சாய்த்து வைக்கிறார். நேற்று அப்படிப் பேசிக்கொண்டிருந்தோம். நான் அடுப்பில் குக்கர் வைத்திருந்தேன். அங்கே வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். தெருவில் புதிதாகக் குடிவந்த குடும்பமாம். "செத்த நேரம் பேசாம இரு" என்று அம்மா என்னைக் கவிழ்த்து வைத்தார். திரை இருட்டாகிவிட்டது, குரல்கள் மட்டும் கேட்டன. துணியை விலக்கும் சத்தம். "இதுதான் எம்மகன் லேப்டாப்பு. இங்க வந்தா இதுலதான் வேல பாப்பான்" என்றார் அம்மா. வந்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். யாரோ டிவி சத்தத்தைக்கூடக் குறைத்தார்கள்.

இங்கே குக்கர் விசில் அடிக்கப் பார்த்தது. அங்கே வேலை கெட்டுவிடக் கூடாதே என்று, ஓசைப்படாமல் எழுந்துபோய் அடுப்பை அணைத்தேன்.