பாதி ரட்சிப்பும் பொங்குன பாலும்

எங்க லுத்தரன் சபைல ஞானோபதேசம்னு ஒரு பழைய புஸ்தகம் இருக்குதுங்க. நாம எதை நம்பறோம், அதுக்கு என்ன அர்த்தம்னு கேள்வியும் பதிலுமா எழுதியிருக்கும். அதை நான் மூணே நாள்ல படிச்சு முடிச்சவன்.

பொய்யுங்க. எனக்கு எழுத்தே தெரியாது. இதையே நான் சொல்லச் சொல்ல என்ற மகதான் எழுதறா. மூணு நாளும் இல்லீங்க, மூணு மாசம் ஆச்சு. அதுவும் காதுல கேட்டு.

தொண்ணூத்தி நாலு வாக்குல, கோயமுத்தூர்ல ஒரு மோட்டார் பட்டறைல காயில் கட்டீட்டு இருந்தேன். கூட வேலை செஞ்சவரோட தங்கச்சியை எனக்குப் பேசி முடிச்சாங்க. எல்லாம் சரியா வந்துச்சு, போதகர் ஐயா மட்டும் மடக்கிப்போட்டாரு.

"தம்பி, உனக்குத் திடப்படுத்தல் ஆகலையே? சபைக்கு முன்னால நின்னு கேள்விக்குப் பதில் சொல்லி, விசுவாசத்தை உன்ற வாயால ஒத்துக்கோணும். அப்புறந்தான் ஓலை வாசிப்பேன்."

இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம்னு மூணு ஞாயித்துக்கிழமை கோயில்ல வாசிப்பாங்களே, அதுதானுங்க ஓலை. அது இல்லைன்னா கல்யாணம் இல்லை. பதினாலு வயசுல அந்த வகுப்புக்கு மட்டம் போட்டுட்டு ஓணான் அடிக்கப் போனவன் நான். பத்து வருசம் கழிச்சு அந்த ஓணான் திரும்பி வந்து அடிச்சுது.

மச்சானுக்கு, அதாவது பொண்ணோட அண்ணனுக்கு, கோவம்னா கோவம். அவரு கோயில்ல கிடார் வாசிக்கறவரு. "நானூறு வருசத்துக்கு முந்தி எங்கியோ சீமைல எழுதுனது நமக்கு எதுக்கு மாப்ள? மனசோட பாடுனாப் பத்தாதா? வார்த்தைல என்ன இருக்குது?"

"அதானுங்க மச்சான்! வார்த்தைல என்ன இருக்குது!"ன்னேன். படிக்கத் தெரியாதவனுக்கு இதை விட நல்ல கட்சி கெடைக்குமுங்களா?

ஆனா பொண்ணு ஒத்துக்கலை. அந்தப் புஸ்தகத்தைப் பூராவும் தானே வாசிச்சு, கேசட்டுல பதிஞ்சு, அண்ணன்கிட்டக் குடுத்துவிட்டா. பட்டறைல டேப்பைப் போட்டுட்டுக் காயில் கட்டுவேன். அவ கொரலைக் கேக்கறதுக்குன்னே திருப்பித் திருப்பிப் போட்டேன், அது வேற விசயம். மொதலாளி நெத்தி நெறையத் திருநீறு பூசற மனுசன். கடைசீல அவருக்கே பத்துக் கற்பனையும், அதாவது கடவுளோட பத்துக் கட்டளையும், மனப்பாடம் ஆயிருச்சு. "அடேய், களவு செய்யாதேன்னு வருதல்ல, அந்த எடத்தை மட்டும் நல்லாச் சத்தமா வைய்யி"ம்பாரு.

பரீட்சை நாளும் வந்துச்சு. கோயில் நெறையச் சனம். கிணத்துக்கடவுல இருந்து எங்கப்பா வந்து மொத வரிசைல உக்காந்திருக்காரு. போதகர் ஐயா மொதக் கேள்வி கேட்டாரு: கடவுள் உன்னைப் படைச்சாருன்னு நம்பறயே, அதுக்கு என்ன அர்த்தம்?

கேசட்டு ஓடுற மாதிரி ஆரம்பிச்சேன். கண்ணு குடுத்தாரு, காது குடுத்தாரு, துணிமணி குடுத்தாரு, பாதி ரட்சிப்பு குடுத்தாரு, சோறு குடுத்தாரு, ஐயோ பாலு பொங்குது அடுப்பை அணைம்மா, ஊடு குடுத்தாரு...

கோயிலே சிரிச்சுப்போட்டுது. பொம்பளைங்க பக்கத்துல பொண்ணு முக்காட்டை இழுத்து மூஞ்சிய மூடிக்கிட்டா. பதியறப்ப அவ அவங்கம்மாவுக்குப் போட்ட சத்தமுங்க அது. அதையும் சேத்து நம்பிட்டேன்.

போதகர் ஐயா மட்டும் சிரிக்கலை. "பாலு இருக்கட்டும். பாதி ரட்சிப்புன்னயே, அது என்ன?"

"எம்மாதிரி ஆளுக்குப் பாதி போதும்னு உட்டுட்டாரு போலருக்குதுங்க."

மனுசனுக்கு வந்துச்சு பாருங்க ஆவேசம்! "எவன் சொன்னான் பாதின்னு? முழுசு! சும்மா, எனாமாக் குடுத்தாரு! அதைச் சொல்லத்தாண்டா இந்தச் சபையே இருக்குது! அது பாதி ரட்சிப்பு இல்லை, பாதரட்சை. பாதரட்சைன்னா செருப்பு!"

"செருப்புங்களா?"

"செருப்புதான். கடவுள் எனக்குக் குடுத்ததுன்னு எழுதியிருக்குது. சரி, கேசட்டை நிறுத்து. உன்ற வார்த்தைல சொல்லு. இதுக்கு என்ன அர்த்தம்?"

எங்கப்பா தோப்பு வேலைக்குப் போறவரு. தோட்டத்துக்காரங்க வீதி வந்தாச் செருப்பைக் கழட்டிக் கக்கத்துல இடுக்கிக்குவாரு. வீதி தாண்டித்தான் போடோணும். சித்திரை வெயில்லயும் அப்படித்தான். நான் சின்னதுல அதைப் பாத்து, அப்பாவுக்குக் கக்கத்துல கூச்சமே இல்லையான்னு சிரிச்சிருக்கேன்.

"ஐயா, செருப்பையே கடவுள்தான் குடுத்தாருன்னா, அதைக் கழட்டுன்னு சொல்ல எவனுக்குங்க பாத்தியதை இருக்குது? எனக்குத் தெரிஞ்ச அர்த்தம் இதுதானுங்க."

மொத வரிசைல எங்கப்பா இருமுனாரு. இருமலா இல்லையான்னு நான் திரும்பிப் பாக்கலை.

போதகர் ஐயா கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாரு. "அடுத்த வாரம் ஓலை வாசிச்சரலாம்"னாரு.

வெளிய வந்ததும் மச்சான்கிட்டச் சொன்னேன். "உங்க பாட்டுல வானம் வருது, மேகம் வருது, வெளிச்சம் வருது. கேக்க நல்லாத்தான் இருக்குது. எதுலயாச்சும் செருப்பு வருதுங்களா மச்சான்? வார்த்தைல என்ன இருக்குதுன்னு உட்டிருந்தா, நான் சாகற வரைக்கும் பாதி ரட்சிப்போடயே கெடந்திருப்பேன்." மச்சான் குனிஞ்சு எங்கப்பாவோட செருப்பை எடுத்து அப்பா காலுகிட்ட வெச்சாரு.

அப்பப் போதகர் ஐயா வாசல்ல பொண்ணை நிறுத்தி, "ஏம் அம்மணி, பாலை அடுப்புல வெச்சுட்டா ஞானோபதேசம் வாசிப்பே?"ன்னு கேட்டாரு. அதுக்கு அவ சொன்னா பாருங்க ஒரு பதிலு...

"ஏனுங்க! மகளை உக்கார வெச்சுக் கதை சொன்னது போதும்! பாலைப் பாத்துக்கங்கன்னு சொல்லிப்போட்டுத்தான போனேன்? இங்க பொங்குது!"

இதா, வாரேன் அம்மணி!