சுவரை விட்டுப் போனவள்

சுவரில் படம் கீறுவது ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செய்கிற தொழில். பின்னால் யார் வந்து நிற்கிறார்கள், என்ன சொல்லிவிட்டுப் போகப்போகிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

தையல் மெசினில் குனிந்திருக்கும்போதோ, வயலில் வரம்பு கட்டும்போதோ, வந்தவர் ஒருவர் நின்று பார்த்து ஒரு சொல் சொல்லிவிட்டுப் போக, அன்று முழுக்க அந்தச் சொல்லோடு மாரடித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். எட்டு வருடம் நான் அதைச் சபித்துக்கொண்டு வேலை செய்தேன். இப்போது கொழும்பில், கதவு சாத்திய அறையில், துணியில் கீறுகிறேன். பின்னால் ஒருவரும் வருவதில்லை. பத்திரிகைகளில் என்னை 'ஓவியர்' என்று போடுகிறார்கள். ஊரில் என்னைச் 'சுவர்ப் பெட்டை' என்றார்கள். எந்தப் பெயரில் நான் நன்றாக இருந்தேன் என்று கேட்டால், பதில் சொல்ல எனக்கு யோசிக்க வேண்டியதில்லை.

என் பெயர் மதி. கிளிநொச்சியில் குடியேற்றத் திட்டத்தில் வயல் செய்கிற வீட்டுப் பிள்ளை. என் கூட்டாளி கிளாரா முல்லைத்தீவுக் கரையோரத்து மீன்பிடிக் குடும்பம். எங்களிடம் ஒரு ஸ்கூட்டி, நாலு பெயின்ற் வாளி, ஒரு மடக்கு ஏணி. யாரிடமும் கேட்காமல், பட்டப்பகலில், கண்ட வெறுஞ்சுவரில் ஊர் ஆட்களை ஆளளவுக்குக் கீறுவோம். முகம் என் பங்கு. கையும் காலும் கிளாராவின் பங்கு. படத்தின் கீழே பெயர் போடுவதில்லை.

பஸ்ஸை மறித்த அம்மா

ஒட்டுசுட்டான் றோட்டில் ஒரு பஸ் தரிப்பிடம். அதன் பக்கச் சுவரில், பஸ் வருகிற திசையைப் பார்த்தபடி, பையோடு நின்று கை காட்டி மறிக்கிற ஒரு அம்மாவைக் கீறினோம். வயலுக்குப் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "யானையை மட்டும் கீறிப்போடாதேங்கோ பிள்ளையள், வயலுக்கு வாற உண்மையானதே எங்களுக்குக் காணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாள் சேலைக் கரையை முடிக்கப் போனோம். பின்னால் ஒரு பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு, "கெதியா ஏறுங்கோ அம்மா" என்று கத்தினார். அம்மா ஏறவில்லை. பஸ்ஸுக்குள் இருந்த சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

சாரதி இறங்கி வந்தார். ஏச்சு விழப்போகிறது என்று நான் ஏணியில் ஒரு படி மேலே ஏறினேன். அவர் இடுப்பில் கை வைத்து அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னார்: "பிள்ளையள், அவாவை ஒரு வாங்கு கீறி அதில இருத்தி விடுங்கோ. ஒவ்வொரு நாளும் என்னால பிறேக் அடிக்க ஏலாது."

அனுமதி

ஒரு அலுவலகத்தின் மதில் வெள்ளையாய்க் கிடந்தது. எங்களால் சும்மா போக முடியவில்லை. பாதிப் படத்தில் ஒரு உத்தியோகத்தர் வந்து யார் அனுமதி தந்தது என்று கேட்டார். கிளாரா, "சுவர் ஒண்டும் சொல்லேல்ல சேர்" என்றாள். அந்த வாயால் வந்த வினை, எங்கள் கையாலேயே படத்துக்கு வெள்ளை அடிக்க வேண்டி வந்தது. அவர் குடை பிடித்துக்கொண்டு நின்று கடைசிக் கோடு மறையும் வரை பார்த்தார். நான் அழுதேன். கிளாரா பாட்டுப் பாடிக்கொண்டு அடித்தாள்.

இரண்டு கிழமையில் அந்த மதில் முழுக்க ரியூசன் நோட்டீசும் மரண அறிவித்தலும். எங்களைத் தேடி அவரே மோட்டச்சைக்கிளில் வந்தார். ஹெல்மெற்றைக் கழற்றாமல், அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வந்து திரும்பக் கீறுங்கோ. நான் சொன்னதெண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

இல்லாத பல்

முல்லைத்தீவுக் கரைக்கு இறங்கும் வளைவில் ஒரு கைவிட்ட கடை. கூரை இல்லை, சுவர் மட்டும் மிச்சம். அதற்கு எதிரே திரேசா அக்கா பேசினில் மீன் வைத்து விற்பா. கணவர் இல்லை, மூன்று பிள்ளைகளை அந்தப் பேசினால்தான் வளர்த்தா. நாங்கள் அந்தச் சுவரில் திரேசா அக்காவையே கீறினோம். மூன்று நாள் வேலை. மடியில் பேசின், ஒரு கையில் கும்பிளா மீன், மற்றக் கையால் ஈ கலைக்கிறா, வாய் நிறையச் சிரிப்பு. அந்தக் கைகளைக் கிளாரா கீறியதைப் பார்த்தால் உங்களுக்கு மீன் மணக்கும்.

மூன்று நாளும் திரேசா அக்கா றோட்டுக்கு அங்கால இருந்து, "என்ர மூக்கு இவ்வளவு பெரிசே?" என்றும், "சட்டைக்கு நல்ல நிறமாய்ப் போடன் பிள்ளை" என்றும் சொல்லிக்கொண்டிருந்தா. முடிந்ததும் றோட்டைக் கடந்து வந்து கிட்ட நின்று பார்த்தா. அப்போதுதான் எனக்கு விளங்கியது: அவாவுக்கு முன்வாயில் ஒரு பல் இல்லை, நான் எல்லாப் பல்லையும் கீறிவிட்டேன். அழித்துத் திருத்துகிறேன் என்று தூரிகையை எடுத்தேன். அவா என் கையைப் பிடித்துக்கொண்டா. "விடு பிள்ளை. சுவரிலயாவது இருக்கட்டும்."

சிரிப்பைக் குறைக்கச் சொன்னவர்

யாரோ படம் எடுத்துப் போனிலே போட, அது ஊரெல்லாம் சுற்றிக் கொழும்பில் ஒரு ஓவியக்கூடம் நடத்துகிற அம்மாவிடம் போய்ச் சேர்ந்தது. அவர் ஏசி வாகனத்தில் வந்து, இதையே துணியில் கீறித் தரச் சொல்லி எங்கள் இருவரையும் கேட்டார். கிளாரா, "துணியில கீறினா திரேசா அக்கா எப்பிடிப் பாக்கிறது?" என்று ஒரே கேள்வியில் முடித்தாள். நான் ஒரு கிழமை யோசித்துவிட்டு ஓம் என்றேன். வெள்ளைத் துணி, நல்ல வெளிச்சம், எல்லாரும் பார்க்கிற பெயர். ஆசை இல்லை என்று சொன்னால் பொய்.

முதல் கண்காட்சியில் நான் என் படங்களுக்குப் பக்கத்தில் நின்றேன். வந்தவர்கள் குளிர்பானக் கிளாசைப் பிடித்துக்கொண்டு, கோயிலில் போல மெதுவாய்க் கதைத்தார்கள். மூக்கு பெரிசு என்று ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் ஒரு அம்மா, வாங்குகிற எண்ணத்தோடு, திரேசா அக்காவின் துணிப்படத்துக்கு முன் நெடுநேரம் நின்றார். பிறகு என் தோளைத் தொட்டு அன்பாய்க் கேட்டார்: "இந்தச் சிரிப்ப கொஞ்சம் குறைக்க ஏலுமா? யுத்தம் நடந்த இடத்து முகம்னு சொல்லித்தானே வாங்குறோம்."

வெட்டி எடுத்த சுவர்

குறைத்தேன். அதை மறைக்க விருப்பமில்லை. சிரிப்பைக் குறைக்கக் குறைக்க என் பெயர் வளர்ந்தது. பிறகு ஒரு சேகரிப்பாளர் துணி வேண்டாம், அசல் சுவர்தான் வேண்டும் என்றார். கடைச் சொந்தக்காரர் கனடாவில், போனிலேயே சம்மதித்துவிட்டார். இந்தப் படம் என்னுடையது என்று ஒப்பமிடச் சொல்லி என்னிடம் ஒரு கடிதம் வந்தது. இரண்டு பேர் கீறியது என்று நான் சொன்னேன். ஒரு பெயர் இருந்தால்தான் லேசு என்றார்கள். கையெழுத்து வைத்தேன்.

வெட்டுகிற அன்று நானும் போனேன். மெசின் சத்தத்தில் காகம் கூட நிற்கவில்லை. திரேசா அக்காவைச் சுற்றி நாலு பக்கமும் அறுத்து, இரும்புச் சட்டத்தால் இறுக்கி, பாரந்தூக்கியால் லொறியில் ஏற்றினார்கள். உண்மையான திரேசா அக்கா தூசி படாமல் பேசினுக்குச் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பார்த்தா. சனம் கூடி நின்றது. கிளாராவும் வந்தாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன்; போட்டிருந்தால் நல்லது. லொறி புறப்பட்ட பிறகு கிட்ட வந்து மெதுவாய்ச் சொன்னாள்: "முகம் உன்ர, குடுத்தாக் குடு. அந்தக் கை என்ர. அதைக் குடுக்க நீ ஆர்?"

வளைவு

அதற்குப் பிறகு ஊர் இரண்டாய்ப் பிரிந்து கதைத்தது. வன்னியின் பேரை வெளியில் கொண்டுபோனவள் என்று ஒரு பகுதி. எங்கட முகத்தை வித்துத் திண்டவள் என்று மற்றப் பகுதி. கிளிநொச்சித் தேத்தண்ணிக் கடை ஒன்றில் நான் இருக்கிறது தெரியாமல் இரண்டு வாத்திமார் இதற்காகவே சண்டை பிடித்தார்கள். நான் வடையை முடிக்காமல் எழும்பி வந்தேன்.

அன்று பின்னேரம் முல்லைத்தீவில் நான் ஏறிய ஓட்டோக்காரருக்கு என்னைத் தெரியும். இறங்கும்போது, நீங்கள் எந்தப் பக்கம் என்று நானே கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். "வித்தது சரியோ பிழையோ எனக்குத் தெரியாது அக்கா. முந்தி கடற்கரைக்குப் போற ஆக்களுக்கு, சிரிக்கிற மனிசியடியில திரும்புங்கோ எண்டு சொல்லுவன். இப்ப என்னத்தைச் சொல்லுறது?"

கை தெரியாத படங்கள்

எனக்குக் கை கீற வராது. ஒருநாளும் வந்ததில்லை, தேவைப்படவும் இல்லை. கொழும்பில் தனியே கீறத் தொடங்கியதும் என் ஆட்கள் கையைப் பின்னுக்குக் கட்டினார்கள், சேலைக்குள் ஒளித்தார்கள், மேசைக்குக் கீழே வைத்தார்கள். ஒரு படத்தில் ஐந்து விரலும் போட்டுப் பார்த்தேன். வாழைச்சீப்பு மாதிரி வந்தது. அன்று கிளாராவுக்குப் போன் எடுத்தேன். மணி அடித்து அடித்து நின்றது.

இரண்டாவது கண்காட்சிக்கு ஒரு பெரிய விமர்சகர் வந்தார். படங்களை ஒவ்வொன்றாய்ப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, கூடியிருந்தவர்களுக்குச் சொன்னார்: "கவனியுங்கள், ஒரு கை கூட இல்லை. ஒரு மக்களின் பேச்சற்ற துயரத்தை இந்தக் கலைஞர் இப்படித்தான் சொல்கிறார்."

தொடக்கூடாது

வெட்டி எடுத்த சுவரை, வாங்கியவர் வீட்டுக்குப் போகுமுன் ஓவியக்கூடத்தில் ஒரு மாதம் வைத்தார்கள். மகளின் விசா அலுவலாய்க் கொழும்புக்கு வந்த திரேசா அக்கா எனக்குப் போன் எடுத்தா. கூட்டிப்போனேன். வெளியில் செருப்பைக் கழற்றப் பார்த்தா; தேவையில்லை என்று சொன்னேன். உள்ளே சுவரைச் சுற்றிச் சிவப்புக் கயிறு. கீழே ஒரு சின்னத் தகட்டில் என் பெயர். திரேசா அக்காவின் பெயர் இல்லை. கிளாராவின் பெயரும் இல்லை. அவா அதை வாசித்தாவோ தெரியாது. வாசித்திருந்தாலும் எனக்குக் காட்டிக்கொள்ளவில்லை.

படத்தின் கன்னத்தில் அறுத்த தூசி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. திரேசா அக்கா கயிற்றை ஒரு கையால் தாழ்த்தி, மற்றக் கையால் சேலைத் தலைப்பை எடுத்து அந்தக் கன்னத்தைத் துடைத்தா. காவலாளி ஓடிவந்து, தொடக்கூடாது அம்மா என்றார். நான் வாய் திறந்திருக்க வேண்டும். இது அவாதான் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சுற்றி நின்றவர்கள் பார்க்கிறார்கள் என்ற கூச்சத்தில் நாக்கு எழும்பவில்லை. திரேசா அக்காவே திரும்பிப் பார்த்து, கோபம் ஒன்றும் இல்லாமல் கேட்டா: "ஏன் தம்பி, என்ர முகத்தை நான் துடைக்கக் கூடாதோ?"

ஆனையிறவு

போன மாதம் யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டத்துக்குப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பஸ்ஸில் போனேன். ஆனையிறவில் உப்பளத்துக்குப் பக்கத்தில், கைவிட்ட பம்ப் அறை ஒன்றின் சுவரில் ஏணி சாத்தியிருந்தது. ஏணியில் கிளாரா. அந்த முதுகை ஆயிரம் பேருக்குள்ளும் எனக்குத் தெரியும். மணியை அடித்து இறங்கிவிட்டேன். கூட்டம் போனால் போகட்டும்.

உப்பு வாருகிற பெண்களைக் கீறிக்கொண்டிருந்தாள். காற்று ஏணியை ஆட்டியது. பிடித்துக்கொள்ள ஒருவரும் இல்லை. சொல்ல வேண்டியதை வழி முழுக்கச் சேர்த்து வைத்தது போல வாய்க்குள் வைத்திருந்தேன். மன்னிப்பு, தகட்டில் அவள் பெயரையும் போடச் சொல்லி ஓவியக்கூடத்துக்கு நான் எழுதிய கடிதம், அதற்குப் பதில் வராதது, கை கீற வராதது, எல்லாம். நிறம் எடுக்கக் குனிந்தவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நன்றாய்ப் பார்த்தாள். தூரிகையிலிருந்து பெயின்ற் அவள் காலில் சொட்டியது. என்னோடு ஒருநாளும் மரியாதை போட்டுக் கதைக்காதவள், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, வழிப்போக்கர் எல்லாருக்கும் சொல்வது போலச் சொன்னாள்: "நிண்டு பாக்கிறதெண்டால் பாருங்கோ. வெயிலை மறைக்காமல் கொஞ்சம் அங்கால தள்ளி நில்லுங்கோ."

என் படத்தைப் பார்க்கக் கொழும்பில் ஆட்கள் வரிசையில் நிற்க, நான் ஆனையிறவு வெயிலில் அங்கால தள்ளி நின்று, போகச் சொல்லவில்லையே என்று சந்தோசப்பட்டுக்கொண்டிருந்ததுதான் நான் அடைந்த புகழின் மொத்த விபரம்.