மீனம்மாவின் வீட்டுக் கை

எங்கள் குடும்ப வரலாற்றில் பெண்களுக்குப் பிறந்த தேயிலைத் தோட்டத்தையும் புகுந்த தோட்டத்தையும் மட்டுமே குறிப்பது வழக்கம். என் பெரியப்பா மகள் மீனம்மாவுக்கு அது போதாது.

மண்சரிவில் அவள் குடியிருந்த லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகள் புதையுண்டபின், இலங்கை மலையகத்தின் நோர்வூட்டுக்கு மேலே கைவிடப்பட்ட தேயிலை மலையொன்றில் அங்கிருந்த குடும்பங்களுக்குத் தகரக் கொட்டில்கள் கிடைத்தன. தலைக்கு மேலே சுற்றுலா விடுதிக்கு மின்கம்பி போகிறது; கொட்டில்களுக்கு இணைப்பு மறுக்கப்பட்டது. காணிக்கு உறுதிப்பத்திரம் இல்லையாம், குடியிருப்பு தற்காலிகமாம். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களைத் தற்காலிகம் என்று எழுத எவருக்குத்தான் மனம் துணிந்ததோ! மீனம்மாவின் கணவர் அழகுமுத்துவுக்கு இழுப்பு நோய். மருந்தை ஆவியாக்கித் தரும் சிறு இயந்திரம் காலையும் மாலையும் ஓடினால்தான் அவருக்கு மூச்சு.

நிவாரண நிறுவனமொன்றின் அலுவலர் கஜேந்திரன் யாழ்ப்பாணத்தவர். பெற்றோல் ஜெனரேட்டர், அல்லது பெட்டரியோடு கூடிய சூரியத் தகடுகள் என்று கோயில் முன்றிலில் கூடியிருந்தோரிடம் விளக்கினார்.

“ரெண்டிலை ஒண்டுதான் தரலாம். நீங்களே முடிவெடுங்கோ.”

“ஜெனரேட்டர்தாங்க சார்,” என்று கையைத் தூக்கினார் தோட்டத் தலைவர் சுதாகரன். “திருவிழாவுக்கு ரேடியோ செட் கட்டணும். இந்தப் பனியில சோலர் என்னத்த எரியப் போவுது?”

ஜெனரேட்டரை மாதிரிக்கு இயக்கிக் காட்டினர். அருகிலிருந்த அழகுமுத்துவின் கொட்டிலுக்குள் புகை புகுந்தது. உள்ளே அவர் மூச்சுத் திணறுவது கேட்டது. மீனம்மா வெளியே வந்து ஜெனரேட்டரை அணைத்தாள்.

“சாமிக்குப் பாட்டு, எம் புருஷனுக்குப் புகையா? எங்களுக்கு சோலர்தான்.” கையை உயர்த்தினாள்.

“வீட்டுக்கு ஒரு கைதான் மீனம்மா. ஆம்பள வரட்டும்,” என்றார் தலைவர்.

“வருவாரு. நீங்கதான் தூக்கிட்டு வரணும். சாமி தூக்குற தோளுதானே, வலிக்காது.”

ஆண்களில் சிலர் சிரித்தனர். அந்தச் சிரிப்பை நான் இன்றும் மன்னிக்கவில்லை.

அப்போது, பின்வரிசையில் நின்ற தலைவரின் மனைவி லெட்சுமி கையைத் தூக்கினாள். “வீட்டுக்கு ஒண்ணுனா, நம்ம வீட்டுக் கை இன்னைக்கு இதுதாங்க. நீங்க உங்க கைய கீழ போடுங்க.”

தலைவர் முறைத்தார். அவளைத் தொடர்ந்து மற்றப் பெண்களும் கை தூக்கினர். கணவர்மார் அதட்டியும் எவளும் இறக்கவில்லை. கஜேந்திரன் கைகளை எண்ணினார்; சூரியத் தகடுகளுக்கே பெரும்பான்மை.

தகடுகள் வந்த பிறகு மழை விடாமல் பெய்து பெட்டரியில் மின்சாரம் குறைந்தது. மீனம்மா கொட்டில் கொட்டிலாகப் போய், “லைட்ட அமத்துங்க. இருட்டுல கஞ்சி குடிச்சா தொண்டைக்குள்ள எறங்காதா?” என்று சத்தமிட்டாள். முணுமுணுத்தபடி எல்லாரும் அணைத்தனர். அழகுமுத்துவின் இயந்திரம் ஓடியது.

அறிக்கைக்குப் படம் எடுக்க கஜேந்திரன் வந்தார். “கொஞ்சம் சிரியுங்கோ அக்கா.”

“சிரிக்கிறது இருக்கட்டும் சார். இன்னொரு பெட்டரி எப்ப வரும்னு சொல்லுங்க.”